இடது கைக்கு வாங்கிய கத்தி

ஒசாகா துறைமுகத்தில் கப்பல் நின்ற ஒரு பகலில் கிளாட்வின் கரைக்கு இறங்கி, கத்தியைத் தவிர வேறெதுவும் விற்காத ஒரு கடைக்குள் நுழைந்து, அங்கிருந்தே தன் மனைவிக்கு வீடியோ கால் போட்டான். அந்த நேரம் ரெமிஜா கலங்கரைத் தெருவில், எட்டு மாத வயிற்றோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்து, சின்ன வெங்காயம் அரிந்துகொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். அழுகை வெங்காயத்தால் வந்தது என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள், அவளும் அப்படியே நினைக்கப் பழகியிருந்தாள், ஆனால் வெங்காயம் முடிந்த பிறகும் அது முடிவதில்லை.

"இந்தா பாரு, எத்தனை கத்தின்னு," என்றான் கிளாட்வின். போனில் ஒரு சுவர் முழுக்க மீன் கூட்டம் திரும்புகிற மாதிரி பளபளத்தது. கண்ணாடி போட்ட கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றார். "என்னல்லாம் வெட்டுவாங்கன்னு கேக்காரு."

"என்ன வெட்டுவாங்க? மீன், காய், வெங்காயம்."

"முள்ளு, தலையெல்லாம் வெட்டணும்னா தடிச்சது இருக்காம். அதக் கொண்டு மெல்லிசா அரிய முடியாதாம். மெல்லிசு வேணும்னா இது. ஆனா இதுக்கு எலும்பு ஆவாது, ஐஸ் மீன் ஆவாது, தட்டுல வச்சு வெட்டக் கூடாது, மரப்பலகைதான். ரெண்டுல ஒண்ணு சொல்லு, எனக்கு நேரமாவுது."

"வெங்காயம் வெட்டுனா கண்ணுல தண்ணி வராத கத்தி இருக்கான்னு கேளுங்க."

அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். கடைக்காரர் சிரிக்கவில்லை. வெங்காயம் வெட்டுப்படுவதால் யாரும் அழுவதில்லை, நசுங்குவதால்தான் அழுகிறார்கள், நல்ல கத்தி எதையும் நசுக்காது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். அதைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொன்று கேட்டார்.

"எந்தக் கைன்னு கேக்காரு. இதுல ஒரு பக்கந்தான் சாணை பிடிப்பாங்களாம், கையப் பொறுத்து பக்கம் மாறுமாம். வலது கைன்னு சொல்லிட்டேன்."

"எனக்கு இடது கைல்லா."

"நீ வலது கையாலதான எழுதுவ?"

"எழுதுறது வலது கை. கத்தி பிடிக்கது இடது கை."

தாயில்லாத ரெமிஜாவைக் கன்னியர் மடத்து போர்டிங்கில்தான் வளர்த்தார்கள், அங்கே சிஸ்டர் பெர்ட்டில்லா ஸ்கேலால் அடித்து அடித்து அவளுடைய எழுத்தை வலது கைக்கு மாற்றினார், ஆனால் காய் வெட்டுகிற கையை யாரும் கவனிக்காததால் அது இருந்தபடியே இருந்துவிட்டது. இதையெல்லாம் கட்டிய கணவனிடம் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் இதுவரை வரவில்லை, ஏனென்றால் அவன் ஊரில் இருந்த நாட்களெல்லாம் விருந்துகளிலேயே போயிருந்தன.

"சரி, இடதுன்னு சொல்லுதேன்," என்றான் கிளாட்வின், வேறு யாருக்கோ வாங்குகிறவனைப் போல.

பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்துக்கு அவன் வந்தபோது கத்தியும் வந்தது. கிளாட்வின் பெட்டியைத் திறந்து அதை நீட்டினான், ரெமிஜாவின் வலது தோளில் பிள்ளை படுத்திருந்தது, குனிய முடியவில்லை, ஆகவே இடது கையை நீட்டி அப்படியே வாங்கிக்கொண்டாள். எதிர்வீட்டு மெட்டில்டா அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். அந்தத் தெருவில் இரும்பை யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர் தரையில் வைக்க வேண்டும், வாங்குகிறவர் தரையிலிருந்து எடுக்க வேண்டும், நடுவில் மண் இருக்க வேண்டும்.

"ஏ கிளாட்வினு, கூறு கெட்டவனே, கத்திய கையிலயால குடுப்பாவ? என்னமாவது அறுந்துரும்ல!"

"ஜப்பான் கத்திக்கு அதெல்லாம் கெடையாதுக்கா," என்று அவன் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அவன் கப்பலுக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகு வீட்டில் ரெமிஜாவும் பிள்ளையும் கத்தியும் இருந்தார்கள். பிள்ளைக்கு ஆன்சி என்று பெயர். அது அழுதது. பாலுக்கு அழுதது, பால் குடித்துவிட்டு அழுதது, ஒன்றுமே இல்லாததற்கும் அழுதது. போர்டிங்கில் ஒரு பிள்ளையையும் தூக்கியறியாத ரெமிஜா, அது எதற்கு அழுகிறது என்று தெரியாமல் தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிள்ளை விழுந்துவிடுமோ என்று பயந்தாள், மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தாள், கத்தி கைதவறித் தொட்டில் பக்கம் போய்விடுமோ என்று பயந்தாள், அப்புறம் கத்திக்கு அல்ல, கத்தி பிடித்த தன் கைக்கே பயந்தாள், அந்தப் பயத்தை எந்த வார்த்தையில் யாரிடம் சொல்வதென்று தெரியாததால் கத்தியை ஒவ்வொரு முறையும் துடைத்து, உயரமான பரணில் வைத்தாள். எல்லாவற்றையும்விட அதிகமாக அவள் பயந்தது தெருவுக்கு. ஆண்களெல்லாம் கப்பலில் இருக்கிற தெரு அது, பெண்கள் வாசல்களில் இருப்பார்கள், ஒரு பிள்ளை கொஞ்சம் கூடுதலாக அழுதால் போதும், முதலில் மெட்டில்டா அக்காவின் குரல் வரும்: "ஏட்டி ரெமிஜா, பிள்ள அழுவுதுல்லா, என்னட்டி செய்யுத?" அடுத்த வாசலிலிருந்து இன்னொரு குரல், அதற்கடுத்ததிலிருந்து இன்னொன்று, பிள்ள அழுவுது, பிள்ள அழுவுது, என்ன செய்யுத, என்ன செய்யுத. பரீட்சைத்தாள் வெறுமையாகக் கிடக்க மணி அடித்துவிட்ட மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஒருநாள் மத்தியானம் மீன் குழம்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கடைக்காரர் சொன்னது உண்மைதான், கண் எரியவில்லை, கத்தி தன் பாரத்திலேயே இறங்கியது, வெங்காயத்துக்கே தான் வெட்டுப்பட்டது தெரியாமல் கொஞ்ச நேரம் முழுசாக இருந்துவிட்டுப் பிறகுதான் விரிந்தது. அப்போது தொட்டிலில் ஆன்சி வீறிட்டது. ரெமிஜாவின் கை நிற்கவில்லை, கத்தி ஒரு முறை ஏறி இறங்கியது, பிள்ளையின் சத்தம் பாதியில் நின்றது. பலகையில் வெங்காய வளையங்களுக்கு நடுவே நிறமில்லாத ஒரு வளையம் கிடந்தது, கண்ணாடி மாதிரி மெல்லிசு, தொட்டால் இளஞ்சூடு. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. தொட்டிலுக்குப் போய்ப் பார்த்தாள், பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது, வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டது என்று நினைத்தாள். திரும்பி வந்து, வளையத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மீதி வெங்காயத்தை அரிந்தாள்.

குழம்புக்குப் புளி கேட்டு வந்த மெட்டில்டா அக்கா அதைப் பார்த்தாள்.

"இது என்னட்டி?"

"ஆன்சி அழுகை அக்கா. வெட்டுப்பட்டிருச்சு."

மெட்டில்டா அக்கா குனிந்து மோந்து பார்த்தாள். "ஈ மொய்க்கும். மாடியில கருவாட்டோட போட்டுரு," என்று சொல்லிவிட்டுப் புளியை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் அவள் தன் பேரனைக் கொண்டு வந்தாள், பல் முளைக்கிற பிள்ளை, இராத்திரியெல்லாம் கத்துகிறான் என்று. அதற்கடுத்த நாள் இன்னொருத்தி வந்தாள். பிறகு, மீன் வாங்கிவிட்டுத் திரும்புகிற நேரத்தில் ரெமிஜா வீட்டு வாசலில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நிற்பது வழக்கமாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வீச்சு, சிணுங்கலுக்குப் பொடிசாக, வீறிடலுக்குப் பட்டையாக, அழுகையின் போக்குக்குத் தக்கபடி அரிந்தாள். சாராயம் குடித்தாலே, செத்துப்போன தம்பியை நினைத்துப் புலம்புகிற, கப்பலுக்குப் போகாத வலைக்கார லியோன் தானே வந்து பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, "தங்கச்சி, எனக்கும் ஒரு துண்டு," என்றான். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் மேக்கப் கலையாமலிருக்க அவளுடைய சித்தி கூட்டி வந்தாள். மாடிகளில் கருவாட்டுக்குப் பக்கத்தில் அழுகைகள் காய்ந்தன, காக்கை அவற்றைத் தொடவில்லை, காய்ந்ததை டப்பாவில் போட்டு வைத்தார்கள், அவசரத்துக்கு உப்பு இல்லாத வீடுகளில் கஞ்சிக்கும் போட்டார்கள், ருசி நன்றாகத்தான் இருந்தது. பங்குச்சாமியாரிடம் இது பாவமா என்று கேட்டபோது அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஞாயிறு முதல் பூசையில் பிள்ளைகள் அழுவதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். ஒரு நாள் சிஸ்டர் பெர்ட்டில்லாவே வந்தார், முழங்கால் வலியோடு நின்று, ஒரு சின்னப் பிள்ளையின் அழுகை வளையம் வளையமாகப் பலகையில் விழுவதைப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"ரெமிஜா, இன்னும் இடது கையா?"

"மன்னிச்சிக்கோங்க சிஸ்டர்," என்றாள் ரெமிஜா, கத்தியை வலது கைக்கு மாற்றிப் பிடித்தாள், அந்தக் கையில் அது வளைந்து வளைந்து போனது, பிள்ளை பாதி அழுகையோடு வீட்டுக்குப் போனது.

கையிலிருந்து கைக்குக் கொடுத்ததால்தான் கத்திக்கு இந்தக் குணம் வந்தது என்று தெரு முடிவு செய்துவிட்டது. அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

ரெமிஜா கத்தியைப் பார்த்துக்கொண்ட மாதிரி அந்தத் தெருவில் யாரும் எதையும் பார்த்துக்கொண்டதில்லை. கத்தியோடு வந்த படத்தாளில் போட்டிருந்தபடி, வெட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் துடைத்தாள், தண்ணீரில் ஊற விடவில்லை, வெட்டியதை ஓரத்தால் வழிக்காமல் முதுகால் ஒதுக்கினாள், கல்லைத் தண்ணீரில் போட்டுக் குமிழ்கள் அடங்கும் வரை காத்திருந்து, கத்தியைச் சாய்த்து, ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் தீட்டினாள். மாங்காயும் வெங்காயமும் பட்டு அதன் முகம் மெல்ல மெல்ல மழை மேகத்தின் நிறத்துக்கு மாறியது. "கறுத்துட்டுல்லா, சாம்பல் போட்டுத் தேயி," என்றாள் மெட்டில்டா அக்கா. "அது அழுக்கில்லக்கா, துரு ஏறாம அதுவே போத்திக்கிடுது," என்றாள் ரெமிஜா. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு அப்படி ஒரு படத்தாள் வரவில்லையே என்று அவள் தீட்டும்போதெல்லாம் நினைத்தாள். ஆன்சி இப்போது சத்தம் போடுவதில்லை. தெரு கேள்வி கேட்பதில்லை. ஆரம்பத்தில் அந்த அமைதி குளித்துவிட்டுப் படுத்த மாதிரி இருந்தது.

தீட்டத் தீட்டக் கத்தி கூர்மையாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்துக்குப் பிறகு அதை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அது பரணில் சும்மா கிடந்தது, தெருவில் எங்கே யார் அழுதாலும் அழுகை காற்றில் வந்து அதன் கூர்வாயில் பட்டுத் தானாக அறுந்தது, அவரவர் காலடியில் வளையங்களாக விழுந்தது. மூலைவீட்டுச் சலேத்தம்மாள் செத்த அன்று அவளுடைய மகள்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள், வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை, முற்றமெல்லாம் வளையங்கள் உதிர்ந்தன, பந்தலுக்கு வந்தவர்கள் செருப்பில் ஒட்டாமல் தாண்டித் தாண்டி நடந்தார்கள், பீரோவை வீடு மாற்றுகிற மாதிரி சவப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வாசல்களில் உட்காருவது குறைந்தது. எட்டிப் பார்க்க ஒரு சத்தம் வேண்டும், ஓடி வர ஒரு சத்தம் வேண்டும், சத்தமில்லாத வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று சத்தமில்லாத மற்ற வீடுகள் நினைத்துக்கொண்டன, கதவுகளைச் சாத்திக்கொண்டன. பகல் முழுவதும் ரெமிஜாவின் காதில் கடல் மட்டும் கேட்டது, அதுவும் தூரத்தில்.

கிளாட்வின் போன் செய்தான். "பிள்ள சத்தமே காணோம். தங்கமான பிள்ள. நீ எப்படி இருக்க?"

எனக்குப் பயமாக இருக்கிறது, வீட்டில் யாருமே இல்லை, தெருவிலும் யாருமே இல்லை என்று சொல்ல வாயெடுத்ததும் ரெமிஜாவுக்கு அழுகை வந்தது. மடியில் இரண்டு வளையம் விழுந்தன.

"ஹலோ? ஹலோ? சிக்னல் இல்ல போலருக்கு," என்றான் கிளாட்வின். கடலின் அந்தப் பக்கம் போன் அணைந்தது.

ஒருநாள் காலையில் மெட்டில்டா அக்கா ஒரு சூரைமீன் தலையைச் சட்டியில் வைத்து, உள்ளே வராமல், வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அவள் முகம் வீங்கியிருந்தது, ரெமிஜா கவனித்தாள், கேட்கவில்லை. அடுப்படிக்குத் தலையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மத்தியானம் வீடு கூட்டும்போது, விளக்குமாறு தொட்டிலுக்கு அடியில் எதையோ சரசரவென்று இழுத்தது. முருங்கைப்பூ உதிர்ந்து கிடக்கிற மாதிரி வளையங்கள். பழையவை காய்ந்து அடியில், புதியவை ஈரமாக மேலே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று சேலைத் தொட்டிலின் விளிம்பு வழியாக வழிந்து விழுந்தது.

தொட்டிலை விரித்தாள். ஆன்சி தூங்கவில்லை. முகம் கன்றிச் சிவந்திருந்தது, தாடை துடித்தது, வாய் முழுசாகத் திறந்து, நாக்கு நடுங்கி, கைகள் இரண்டும் முறுக்கிக்கொண்டு, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து அது அழுதுகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தொட்டால் கொதித்தது. ரெமிஜா தன் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு எல்லாம் புரிந்தது: கத்தி அழுகையை நிறுத்தவே இல்லை. அது பிறர் காதில் கேட்பதைத்தான் அறுத்திருக்கிறது. இந்தப் பிள்ளை இத்தனை நாளும் அழுதபடியேதான் இருந்திருக்கிறது, நேற்று அழுதது, முந்தாநாள் அழுதது, அவள் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் அழுதது, வாய் திறந்து தூங்குகிறது என்று அவள் போர்த்திவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் அழுதது.

பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "அக்கா!" என்று கத்தினாள். அந்தக் கூப்பிடுதலில் கால்வாசி சொல், முக்கால்வாசி அழுகை. அது படியில் வளையங்களாக உதிர்ந்தது. எதிர் வாசலில் மெட்டில்டா அக்கா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அவளுடைய தோள் குலுங்குவதையும், இறால் தோட்டுக்கு நடுவே ஒவ்வொன்றாக ஏதோ விழுவதையும் ரெமிஜா பார்த்தாள். அதற்கடுத்த வீட்டு வாசலிலும் வளையங்கள் கிடந்தன. அதற்கடுத்த வீட்டிலும். கண்ணுக்கு எட்டிய வரை எல்லாப் படிகளிலும் வெயிலில் அவை மின்னின. தெருவே அழுதுகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

தெருவைக் கடந்து போய் மெட்டில்டா அக்காவின் தோளைத் தொடலாம்தான். தொட்டால் அவள் திரும்புவாள். ஆனால் நாளைக்கு ஆன்சி அழும்போது யார் தோளை யார் தொடுவது? தான் குளிக்கும்போது, உலை வைக்கும்போது, கண் அசரும்போது?

ரெமிஜா உள்ளே போனாள். பிள்ளையை முன்னறையில் பாயில் கிடத்தி இரண்டு பக்கமும் தலையணையை அணைவாக வைத்தாள், அடுப்படிக்குப் போய்ப் பரணிலிருந்து கத்தியை இறக்கினாள். அது எப்போதும்போல இடது கையில் வந்து அமர்ந்தது, அவளுக்கென்றே பக்கம் மாற்றித் தீட்டியது, இந்த உலகத்தில் அவளுடைய கை எது என்று கேட்டு வாங்கிய ஒரே பொருள். அந்தக் கைக்கு இப்போது அவள் பயப்படவில்லை. சூரைத்தலையை எடுத்துப் பலகையில் நிமிர்த்தி வைத்தாள். மெல்லிசுக் கத்திக்கு எலும்பு ஆகாது. படத்தாளில் முதல் படமே அதுதான், ஒரு மீன் தலை, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. கத்தியை ஓங்கி, மண்டை எலும்பு கெட்டியாக இருக்கிற இடம் பார்த்துப் போட்டாள். மறுபடி போட்டாள். மூன்றாவது வெட்டில் கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது, அரிசி அளவுக்கு ஒரு சில்லு தெறித்துப் போய் எங்கேயோ விழுந்தது. மழைமேக நிறத்துக் கத்தியின் வாயில், பால்பல் விழுந்த இடம் போல, ஓர் இடைவெளி தெரிந்தது.

அவள் குனிந்து, கத்தியைத் தரையில் வைத்தாள்.

முதலில் நூல் மாதிரி வந்தது. கொசுவின் ரீங்காரம் என்றுதான் நினைத்தாள். பிறகு அந்த நூல் தடித்தது, கயிறானது, முன்னறையிலிருந்து ஆன்சியின் அழுகை கரகரத்து, உடைந்து, எழும்பி, சுவரில் மோதி, ஜன்னல் வழியாகத் தெருவுக்குள் பாய்ந்தது. அதன் பின்னாலேயே எதிர்வீட்டிலிருந்து ஒரு விம்மல், மூலைவீட்டிலிருந்து சலேத்தம்மாளுக்குச் செலுத்த வேண்டியிருந்த ஒப்பாரி, லியோனின் புலம்பல், யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. ரெமிஜா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி இடது தோளில் போட்டாள். அது அவள் காதுக்குள்ளேயே கத்தியது, காது வலித்தது, இன்னும் கத்து, இன்னும் கத்து என்று அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

தெருவில் ஒரு தாழ்ப்பாள் விலகியது. இறால் சட்டி உருண்டது. அழுத குரலிலேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மெட்டில்டா அக்கா கேட்டாள்:

"ஏட்டி ரெமிஜா, பிள்ள அழுவுதுல்லா, என்னட்டி செய்யுத?"

"தெரியலக்கா," என்றாள் ரெமிஜா, தெரு முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு ஒண்ணுமே தெரியல. வாங்க."